அயல்நாட்டில் சொந்தத் தொழில்



உத்தியோகம் பெற்று அயல்நாடு செல்பவரிடம் நியமனக் கடிதம் ஒன்று இருக்கும். குடியேற்ற அதிகாரிக்கு அதுவே பெரும்பாலும் போதிய சான்று. தமக்குத் தாமே முதலாளியாக இருந்து பிழைக்க எண்ணுபவருக்கோ அத்தகைய கடிதம் தர எவருமில்லை. அவருடைய கணக்கேடுதான் அவருக்காகப் பேசவேண்டும். கணக்குத் தணிக்கை என் தொழிலாதலால், ஜெர்மனிக்கு விண்ணப்பித்த இளைஞர் சிலரின் ஏடுகளைப் பார்க்க நேர்ந்தது. ஆகவே அந்நாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

2005இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் தங்குரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு சொந்தத் தொழிலைப் பற்றியது. பத்து லட்சம் யூரோ மூலதனமும் பத்துப் பேருக்கு வேலையும் என்பது அன்று வகுத்த அளவுகோல். அது படிப்படியாகக் குறைந்து, 2012இல் அறவே நீக்கப்பட்டது. இதனால் வழி எளிதாயிற்று என்று பலர் மகிழ்கின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்பு சட்டமே ஒரு தொகையைச் சொல்லிற்று. இன்று நமக்கு வேண்டிய தொகை எவ்வளவு, அது எங்கிருந்து வரும் என்பதை நாமே கணக்கிட்டு மெய்ப்பிக்கவேண்டும். ஓவியர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றோருக்கு அதே பிரிவில் தனி உட்பிரிவு உண்டு. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர் முதுமைக்கால வருவாய்க்கும் வழி காட்டவேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இப்போது இல்லை.

வீட்டு வாடகையை யாரும் மறப்பதில்லை. மறப்பது மருத்துவக் காப்புறுதியையும் வரியையும்தான். வெளியிலிருந்து சொந்தத் தொழிலுக்கென வருபவர் பெரும்பாலும் தனியார் காப்புறுதியையே நாடவேண்டியிருக்கும். அதன் கட்டணம் வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது, வருமானத்தைப் பொறுத்ததன்று. ஒரு காசும் வராத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மட்டும் ஓர் ஆறுதல்: 1983 முதல் இயங்கிவரும் கலைஞர் சமூகக் காப்பு நிதியில் சேர்க்கப்பட்டால், கட்டணத்தில் பாதியைச் செலுத்தினால் போதும். மறுபாதியை அவர்களுடைய படைப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் ஏற்கின்றன.

வரியின் போக்கு இன்னும் நுட்பமானது. சம்பளக்காரருக்கு வரி பிடித்தம் செய்யப்பட்ட பின்பே பணம் கைக்கு வருகிறது. சொந்தத் தொழில் செய்பவருக்கு முழுத்தொகையும் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. முதலாண்டு வரி, கணக்குக் கொடுத்த பின்னரே விதிக்கப்படும். அதையொட்டி, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் 10ஆம் தேதிக்குள் முன்வரி கட்டுமாறும் உத்தரவு வரும். பழைய பாக்கியும் புதிய தவணையும் ஒருங்கே வந்து நிற்கும். ஆதலால் வரும் தொகையில் ஒரு பங்கை முதல்நாளிலிருந்தே தனிக்கணக்கில் ஒதுக்குதல் இன்றியமையாதது.

என்னிடம் வந்த ஓர் இளம் ஓவியர் பன்னிரண்டு மாதத்திற்கும் ஒரே அளவு வருமானத்தை எழுதியிருந்தார். முதலுக்குத் தந்தையார் வீட்டை அடகு வைப்பதாக ஏற்பாடு. முதல் மூன்று மாத வருமானத்தை அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள் என்றேன். பட்டியல் அனுப்பிய அன்றே எவரும் பணம் தருவதில்லை அல்லவா? கூட்டிப் பார்த்தார், எட்டாம் மாதத்தில் கை வறண்டது. வட்டியோ மாதந்தோறும் ரூபாயில் ஏறிக்கொண்டிருக்கும்.

அவர் பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்தார். இங்கிருந்தபடியே ஜெர்மானியப் பதிப்பகங்கள் இரண்டிற்குப் படம் வரைந்து சிறிது சேர்த்தார். தொடர்ந்து வேலை தருவதாக அவர்களிடமிருந்து கடிதமும் பெற்றார். அக்கடிதங்களோடு இப்போது விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. வீட்டுப் பத்திரம் தந்தையாரின் பெட்டியிலேயே இருக்கிறது.