பிள்ளையின் கையில் போன்: விளையாட்டால் லாபம் உண்டா?

(அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு, குளிரையும் பாராமல் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

லயம் லயமாக நாங்கள் போகும்போது தாய்மார் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "எந்நேரமும் போன்ல கேம்தாங்க. சோறு போட்டு வச்சாலும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கிறான். நீங்களாவது நாலு புத்தி சொல்லுங்க."

இந்தப் போன் நம் லயத்துக்குள் எப்படி வந்தது? 2020 ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடமெல்லாம் போனில் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். கடன்பட்டாவது பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடத்துக்காக வந்த போனோடு விளையாட்டும் கூடவே வந்துவிட்டது. அந்த விளையாட்டால் கேடு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். அதில் நன்மையும் உண்டு, அதை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

முதல் நன்மை, கவனம். 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வீடியோ கேம் பழக்கமில்லாத இளைஞர்களை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலம் வீதம் 10 நாட்கள் வேகமான சண்டை விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். வேறு சிலருக்குக் கட்டை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைக் கொடுத்தார்கள். முடிவில், வேகமான விளையாட்டு ஆடியவர்களின் பார்வைக் கவனம் மற்றவர்களை விடக் கூடியிருந்தது. ஒரே நேரத்தில் பல இடங்களைக் கவனிக்க அவர்களால் முடிந்தது.

நம் தாய்மாருக்கு இது புதினமல்ல. கை ஒரு கொழுந்தைக் கிள்ளும்போதே கண் அடுத்த கொழுந்துக்குப் போய்விடுகிறதே, அந்தப் பழக்கம் பிறக்கும்போதே வந்ததா? செய்து செய்து வந்தது. விளையாடும் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் அப்படித்தான் பயிற்சி கிடைக்கிறது.

இரண்டாவது நன்மை, கைப்பழக்கம். வயிற்றில் சிறு துளையிட்டு, உள்ளே கெமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்யும் சத்திரசிகிச்சை உண்டல்லவா? நியூயோர்க்கில் அதற்குப் பயிற்சி பெற்ற 33 வைத்தியர்களைச் சோதித்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. முன்பு வாரத்துக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள், ஆடாதவர்களை விட 37 வீதம் குறைவாகப் பிழை விட்டார்கள். 27 வீதம் வேகமாகவும் செய்தார்கள். கேம் ஆடினால் டொக்டராகலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் முழுவதும் வீண் போவதில்லை என்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது நன்மைதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. விளையாட்டில் பிள்ளை பத்து முறை தோற்கிறான். பதினோராம் முறையும் தொடங்குகிறான். எங்கே பிழை விட்டோம் என்று யோசித்து வேறு வழி பார்க்கிறான். கணக்கில் ஒரு தடவை பிழை விட்டால், "உனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று நாம்தானே அவன் வாயை அடைக்கிறோம்? தோற்றால் மறுபடி முயலலாம் என்ற தைரியத்தை விளையாட்டு கொடுக்கிறது. அதே தைரியத்தைப் பாடத்துக்கும் கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு.

நாங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு வீட்டில் தகப்பன் கோபத்தில், கட்டுக்காசு கூடக் கட்டி முடியாத போனைச் சுவரில் அடித்துவிட்டார். தரம் 8 படிக்கும் பையன் மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை. வீட்டில் யாரோடும் பேசவுமில்லை. தாய் வேறு வழி பார்த்தார். போனைத் திருத்தி எடுத்து, "எனக்கும் சொல்லிக் குடுடா" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் செஸ் சொல்லிக் கொடுத்தான். "எனக்கே அவன் டீச்சராயிட்டாங்க. ஸ்கூல்ல நடந்ததெல்லாம் இப்பதான் வாய் திறந்து சொல்றான்" என்றார் அந்த அக்கா. இன்றும் நேரம் முடிந்தால் பையன் முணுமுணுக்கத்தான் செய்கிறான். ஆனாலும் போனைக் கொடுத்துவிடுகிறான்.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2010 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 6 முதல் 9 வயதுப் பையன்கள் சிலருக்கு முதன்முறையாக வீடியோ கேம் பெட்டி கொடுக்கப்பட்டது. 4 மாதத்தில் அவர்கள் வாசிப்பிலும் எழுத்திலும் மற்றப் பையன்களை விடப் பின்தங்கினார்கள். பாடசாலை விட்டு வந்து படிக்கும் நேரத்தை விளையாட்டு தின்றுவிட்டது. விளையாட்டை நிறுத்த முடியாமல், படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டும் விடாமல் ஆடுவதை உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் நோயாகவே ஏற்றுக்கொண்டது. உங்கள் பிள்ளை பல மாதங்களாக அந்த நிலையில் இருந்தால், அடிக்காமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

ஆகவே நாலு காரியம் செய்யுங்கள். முதலாவது, நேரம். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு 1 மணித்தியாலம் போதும். இரவில் போன் தாயின் தலைமாட்டில் இருக்கட்டும். இரண்டாவது, காசு. செஸ் போன்றவற்றைக் காசு கட்டாமலே ஆடலாம். டேட்டா இல்லாமல் ஓடும் விளையாட்டுகளும் உண்டு. காசு வைத்து ஆடும் விளையாட்டு சூதாட்டம். அது பெரியவர்களுக்கும் வேண்டாம். இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது அதைத்தான். மூன்றாவது, பக்கத்தில் உட்காருங்கள். "என்னடா இது, எப்படி ஜெயிச்ச?" என்று கேளுங்கள். வயதுக்கு ஒவ்வாத வெட்டுக் குத்து விளையாட்டா என்பதும் அப்போது தெரிந்துவிடும். நாலாவது, மழை விட்டால் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். ஓடியாடும் விளையாட்டுக்குப் போன் ஈடாகாது.

இன்னொன்று. நாம் நாடகத்தையும் வீடியோவையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு, பிள்ளையிடம் மட்டும் "போனை வை" என்றால் அவன் கேட்பானா? முதலில் நாம் வைப்போம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.