நிலத்தொண்டர் ஜெகந்நாதன்



திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். கதரும் தீண்டாமை ஒழிப்பும் அங்கே முதற்பணிகள். ஆயினும், உழுபவனுக்கு நிலம் எங்கே என்ற கேள்வி நம் சேரிகளில் அப்படியே நின்றது. அக்கேள்வியைத் தம் கடைசிக் காலம் வரை சுமந்த ஒரு விடுதலை வீரரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் 1914-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். சுதந்திர நாட்டில்தான் மணம் என்று காத்திருந்து, 1950-இல் கிருஷ்ணம்மாளை மணந்தார். அம்மையார் நிலமற்ற தலித் குடும்பத்தின் மகள். கூலி வேலை செய்த தாயிடம் வளர்ந்து பட்டம் பெற்றவர்.

வினோபா 1951-இல் போச்சம்பள்ளியில் (நம் பக்கத்து ஊரன்று, தெலங்கானாவில் உள்ளது) பூமிதான இயக்கத்தைத் தொடங்கியதும், ஜெகந்நாதன் அதில் இறங்கினார். தானமாக வந்த நிலத்தில் கல்லும் கரடும் மிகுதி. நன்செய் வைத்திருந்தோர் மனம் எளிதில் இளகவில்லை.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்டதே குற்றம். அதன்பின் கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சைக்குச் சென்று தங்கினார். ஜெகந்நாதனும் உடன் நின்றார். 1981-இல் இருவரும் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கினர். விற்க முன்வரும் மிராசுதாரரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்களின் பெயரில் பதிவு செய்தனர். இவ்வாறு கைமாறியது சுமார் 13,000 ஏக்கர்.

தலைமுறையாக உழுதவனே விலையும் கொடுப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் அன்று பத்திரம் பெற்ற தாய் மறுநாள் கூலிக்குக் கைகட்டி நிற்கவில்லை. ரிக் வண்டியிலும் லாரிப் பட்டறையிலும் பிழைப்புத் தேடும் நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்பதை எட்டிய வயதிலும் அவர் ஓயவில்லை. இறால் பண்ணைகளால் கடலோர வயல்கள் உவர்ப்பேறியபோது உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பு வந்தது. 2005-இல் வந்த சட்டமோ அத்தீர்ப்பின் வலிமையைக் குறைத்துவிட்டது. 2013 பிப்ரவரியில், 98-ஆம் வயதில் அவர் மறைந்தார். குடிசைகளுக்கு மாற்றாக ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் பணியைக் கிருஷ்ணம்மாள் அதன்பின்னும் விடவில்லை.