வீட்டுக்கென ஒரு படி



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் நின்று, "பார்த்து எழுதாதே" என்று சொல்லிவந்தவன் நான். இன்று படி எடுப்பதற்குச் சார்பாகப் பேச வந்திருக்கிறேன். பழைய மாணவர் எவரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் முழுவதும் கேட்டபின் சிரிக்கட்டும். விலை கொடுத்து வாங்கிய திரைப்படக் குறுந்தகட்டிலிருந்து, அதன் முகப்பில் கட்டாயமாக வைத்திருக்கும் விளம்பரங்களை விலக்கி, வீட்டின் பயனுக்கென ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்பதே இன்றைய பொருள்.

படி எடுத்தல் நம் நாட்டில் இழிந்த தொழிலாக இருந்ததில்லை. பனையோலை ஏடு கரையானுக்கும் செல்லுக்கும் இரையாகும் பொருள். ஏடு பழுதுறும் காலத்தில் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்னார் எழுதி முடித்தது என்று இறுதியில் குறித்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்ததென்றால், தலைமுறை தலைமுறையாகப் படி எடுத்துவைத்த அந்த முகம் தெரியாத மனிதர்களும் அதற்குக் காரணம். படி எடுக்கப்படாத நூல்கள் உரையாசிரியர்களின் வாயில் பெயரளவில் மட்டும் நிற்கின்றன.

ஓலைக்குக் கரையான் என்றால், குறுந்தகட்டுக்கு என்ன? நான் வசிக்கும் வட்டக்கானலில் அதற்கு விடை எளிது. கோடைக்கானல் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் வழியில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் இது. நண்பகல் கடந்தால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் புகைப்படக் கருவியின் கண்ணாடியிலும் பூஞ்சணம் படரும். குறுந்தகட்டையும் அது விடுவதில்லை. நடு அமெரிக்காவில் பெலீஸ் என்னும் வெப்பமான, ஈரமிக்க நாட்டில் ஒரு தகட்டைப் பூஞ்சை அரித்துத் தின்றிருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் 2001-இல் எடுத்துக்காட்டினர்.

தகட்டின் அமைப்பையும் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பாட்டுத் தகட்டிலும் வி.சி.டி.யிலும் செய்தியைத் தாங்கும் மெல்லிய உலோகப் பூச்சு, பெயர் அச்சிட்ட மேற்பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தையே நாம் பொன்போல் காக்கிறோம். உண்மையில் மேற்பக்கக் கீறலே உயிரைப் போக்கும். டி.வி.டி.யில் அந்தப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும். ஆனால் தட்டுகளை ஒட்டிய பசை விட்டுப்போனால் ஓரத்திலிருந்து ஈரம் உட்புகும். எப்படியாயினும் இது நிலையான பொருள் அன்று.

"கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே" என்பீர்கள். மோசர் பேயர் என்ற நிறுவனம் 2007 அளவில் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. தமிழ்ப் படங்கள் ஏழை வீடுகளிலும் அலமாரி ஏறியது அப்போதுதான். அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் ஆணை பிறந்தது. தகடு விற்ற கடைகள் இன்று கைபேசி உறை விற்கின்றன. "இணையத்தில் எல்லாம் இருக்கிறதே" என்பது அடுத்த விடை. இங்கே மழைநாளில் அலைவரிசை எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இணையத்தில் இன்றிருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளை இராது. சந்தா கட்டியோருக்கும் விளம்பரம் காட்டும் முறையை அமேசான் பிரைம் 2025 ஜூனில் இந்தியாவில் தொடங்கியது. எங்கள் மலையிலேயே எடுத்த 'குணா' 1991-இல் வெளிவந்த படம். அந்தக் குகைக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. 2024-இல் அதை மீண்டும் திரையிட முயன்றபோது, உரிமை யாருடையது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களிலும், தகடு வைத்திருந்தவர் வீட்டில் படம் தடையின்றி ஓடியது.

நம் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் ஒரு படியும் இன்று இல்லை. இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர் சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப் படமாகத் தயாரித்தார். நாவலின் பதிப்பகத்தார் பதிப்புரிமை வழக்குத் தொடுக்க, படம் முடக்கப்பட்டது. முடங்கிக் கிடந்த அந்தப் படியே 1974-இல் புணேத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன. ஓடாமல் பூட்டிவைத்தது பிழைத்தது. மூலத்தைப் பூட்டி வைத்துப் படியைப் புழங்கவிடு என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

இனி விளம்பரத்துக்கு வருவோம்.

என் தமக்கையார் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், எங்களுடன் வசிக்கிறார். கண் மங்கல். அவருக்கென வாங்கிய 'திருவிளையாடல்' தகட்டைச் சுழலவிட்டால், முதலில் நிறுவனத்தின் முத்திரை. பின் ஒரு நகைக்கடை. பின் ஒரு பட்டுச் சேலைக்கடை. பின் அந்த நிறுவனமே வெளியிட்ட நான்கு படங்களின் முன்னோட்டம். தாண்டிச் செல்லப் பொத்தானை அழுத்தினால், திரையின் மூலையில் "இங்கே அனுமதியில்லை" என்று ஒரு சிறு வட்டக் குறி தோன்றும். அதையும் பொறுக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்தால் வட்டக்கானலில் ஒரு மாலைக்கு மூன்று முறை மின்சாரம் போகும். போய் வந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி நகைக்கடையிலிருந்து தொடங்கும். தருமி மண்டபத்துக்குள் நுழையுமுன் தமக்கையார் உறங்கிவிடுவார்.

திரையரங்கில் பழைய நாளில் அரசாங்கச் செய்திப்படம் கட்டாயமாக ஓடியதே என்று சிலர் சொல்லக்கூடும். ஓடியதுதான், ஒரு சீட்டுக்கு ஒருமுறை ஓடியது. அதிலும் அணைக்கட்டையும் பஞ்சத்தையும் பார்த்தோம். அரங்கத்து விளம்பரமே இன்று வழக்காகியிருக்கிறது. படம் தொடங்குமுன் இருபத்தைந்து நிமிடம் விளம்பரம் காட்டியதற்காக ஒரு பார்வையாளருக்கு இழப்பீடு தரும்படி பெங்களூரு நுகர்வோர் ஆணையம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அரங்கம் பிறருடைய இடம். அங்கே நியாயம் இருபுறமும் இருக்கலாம். என் வீட்டுக் கூடம் என்னுடையது.

டி.வி.டி.யில் இரண்டு பூட்டுகள் உள்ளன என்பதைப் பலர் அறியார். ஒன்று, படத்தின் செய்தியையே கலைத்து மறைத்துவைக்கும் மறையாக்கம். இது படத்தைக் காக்கிறது. மற்றொன்று, தகட்டில் எழுதிவைத்த ஒரு கட்டளை. இந்தப் பகுதியில் பார்ப்பவர் பொத்தானை ஏற்காதே என்று அது கருவிக்குச் சொல்கிறது. இது காப்பது படத்தை அன்று, விளம்பரத்தை. வி.சி.டி.யில் மறையாக்கமே கிடையாது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 2012-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 21 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 52-ஆம் பிரிவு, கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்பையும் ஒருவர் தம் தனிப்பட்ட பயனுக்காக நியாயமாகக் கையாளுதல் உரிமை மீறல் ஆகாது என்கிறது. திரைப்படமும் இதில் அடங்கும். அதே திருத்தம் 65ஏ என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. உரிமையைக் காக்கவென இட்ட தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "நோக்கத்தோடு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். இச்சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறப்பதை இப்பிரிவு தடுக்காது என்று அடுத்த உட்பிரிவு கூறுகிறது. ஒரு நிபந்தனையும் உண்டு: பிறருக்காகத் திறந்துகொடுப்பவர், அவர் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பதிவேடு எழுதியே நரைத்தவன் நான். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் வேறு வகை. அங்கே உரிமையை மீறும் நோக்கம் இல்லாவிட்டாலும், பூட்டைத் திறப்பதே பொதுவாகத் தடை. வாங்கியவர் காப்புப்படி எடுக்க உதவும் மென்பொருள் விற்ற 321 ஸ்டுடியோஸ் என்ற நிறுவனத்துக்கு எதிராக 2004-இல் தீர்ப்பு வந்தது; அந்நிறுவனமே மூடிப்போயிற்று. நார்வேயிலோ, 1999-இல் டி.வி.டி.யின் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்ட யோன் யோஹான்சென் என்ற இளைஞரை 2003-இல் கீழ்நீதிமன்றமும் மேல்நீதிமன்றமும் விடுவித்தன. காசு கொடுத்து வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்ப்பது திருட்டாகாது என்பதே அதன் சாரம். நம் சட்டம் இவ்விரண்டில் நார்வேக்கு அருகில் நிற்கிறது என்பது என் கருத்து. விளம்பரத்துக்கு இட்ட பூட்டோ, சட்டம் வழங்கிய எந்த உரிமையையும் காக்கவில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கணினி நிரலுக்குக் காப்புப்படி எடுக்கலாம் என்று வெளிப்படையான விதி இருக்கிறது. திரைப்படத்துக்கு அவ்வாறு இல்லை. "நியாயமாக" என்ற சொல்லின்மேல்தான் நாம் நிற்கிறோம். அதற்குச் சட்டம் முழக்கோல் தரவில்லை. ஆகவே எல்லையை நாமே இறுக்கமாக இட்டுக்கொள்ள வேண்டும்.

தருமி செய்ததை நினைத்துப் பாருங்கள். பிறர் எழுதிய பாட்டைத் தன் பாட்டென்று நீட்டி, பொற்கிழியும் கேட்டார். ஏடு பெயர்த்தவர் இரண்டையும் செய்யவில்லை. அண்டை வீட்டுக்கு ஒரு படி, மைத்துனருக்கு ஒரு படி என்று கொடுக்கத் தொடங்கிய நொடியில் நாம் தருமியின் பக்கம் போய்விடுகிறோம். சங்கத்தில் கட்டணம் வாங்கித் திரையிடுவதும் அவ்வாறே. தமிழ்நாட்டில் இது விளையாட்டன்று: பலர் குண்டர் சட்டம் என்று அழைக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில், திருட்டு வீடியோ எடுப்போரையும் 2004-இல் சேர்த்தார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோரோடு ஒரே ஏட்டில் பெயர் வரும். வாடகைக்கோ இரவலுக்கோ வந்த தகட்டைப் படி எடுப்பதும் என் கணக்கில் களவே.

பழைய படங்களுக்கு ஒரு குறிப்பு. திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்துக்குக் கணக்கு 2025 டிசம்பர் 31. ஆனால் பாடல்களின் உரிமை தனி. கவிஞர் மறைந்தபின் அறுபது ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார்; கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிது. தகட்டை முதலில் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கலாகாது. வி.சி.டி.யாயின், அதில் எம்பெக்ஏவி என்ற உறையிலுள்ள பெரிய கோப்புகளைக் கணினியில் அப்படியே நகல் செய்தால் போதும். ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு, மூன்று தகடுகள் இருக்கும். வரிசை மாறாமல் எண்ணிட வேண்டும். டி.வி.டி.யாயின், தகட்டைப் படிக்கும் மென்பொருள் உள்ளிருக்கும் பகுதிகளை நீளத்தோடு பட்டியலிடும். நாற்பது நொடி, இரண்டு நிமிடம் என்பவை நகைக்கடையும் பட்டுக்கடையும். இரண்டரை மணி நேரம் என்பதே படம். அதை மட்டும் தேர்ந்தால் ஒரே கோப்பாக வந்துவிடும். ஓரடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், ஈரடுக்கு 8.5. அதற்குமேல் இடம் வேண்டியதில்லை. படத்தின் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும் தொலைபேசி எண்களும் மூலையில் ஒட்டிய முத்திரையும் மட்டும் போகா. அவை படத்தோடு படமாகப் பதிந்தவை.

படியை வன்தட்டில் வைத்து, மூலத் தகட்டை உறையோடு செங்குத்தாக, மூடி இறுகிய தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். படியின் பெயரில் படத்தின் பெயரையும், எந்தத் தகட்டிலிருந்து எந்த நாளில் எடுத்தது என்பதையும் குறியுங்கள். தகட்டை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் படியை அழித்துவிடுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒவ்வொரு படியையும் நடுவிலும் இறுதியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். திக்கினால், மூலம் நன்றாக இருக்கும்போதே இன்னொன்று எடுத்துவிடுங்கள்.