மாட்யூலை மாற்றும் முன் வயரை அளந்து பாருங்கள்



காரில் சாவியைத் திருப்புகிறீர்கள். ஏபிஎஸ் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு எல்லாம் சேர்ந்து எரிகின்றன. வேகமானி முள் அசைய மறுக்கிறது. வண்டி ஒரு சமயம் கிளம்புகிறது, மறு சமயம் முரண்டு பிடிக்கிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்த மெக்கானிக், "ஈசிஎம் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்கிறார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் மனம் பதறும். அந்த இடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு கணினி (மெக்கானிக் சொன்ன ஈசிஎம் இதுதான்), பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கும் விளக்குக்கும் ஒன்று என்று பல சின்னக் கணினிகள் உண்டு. மாட்யூல் என்று சொல்வது இவற்றைத்தான். இவை ஒன்றோடொன்று பேசுவதற்குத் தனித்தனியே வயர் இழுத்தால் வண்டி தாங்காது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இதற்கு வழி தேடத் தொடங்கி, 1986-இல் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் 'கேன்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. முறுக்கிவிட்ட இரண்டே வயர். எல்லா மாட்யூலும் அதில்தான் பேசும். ஒரு கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவதைப் போலத்தான். இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், அவசரச் செய்தி வைத்திருப்பவருக்கு மற்றவர் வழிவிடுவார். ஆனால் ஒருவர் ஓயாமல் கூச்சலிட்டால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.

ஸ்கேனரில் 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தால் அது தகவல் தொடர்புக் கோளாறு. யு-0100 என்றால் எஞ்சின் கணினியோடு தொடர்பு இல்லை. யு-0121 என்றால் ஏபிஎஸ்ஸோடு இல்லை. இதை எழுதி வைப்பது வேறொரு மாட்யூல். 'அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை' என்கிறதே தவிர, 'அவர் செத்துவிட்டார்' என்று சொல்லவில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் தளர்ந்திருக்கலாம், பேட்டரி சோர்ந்திருக்கலாம், கனெக்டரில் ஒரு பின் பின்வாங்கியிருக்கலாம். மாட்யூலைக் குறை சொல்வது கடைசியில்தான்.

மற்ற மாட்யூல்கள் எல்லாம் பேசி, ஒன்று மட்டும் பேசவில்லையா? அதற்கு வரும் கரண்ட், எர்த், கிளை வயர் இவற்றைப் பாருங்கள். ஒன்றுமே பேசவில்லையென்றால் முதலில் பொது வயரைச் சந்தேகப்படுங்கள்.

அதைப் பார்க்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். சுமார் 60 ஓம் காட்டினால் பொது வயர் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது. இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருப்பதால் இந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு கோடி துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயரும் எங்கோ உரசுகின்றன, அல்லது ஏதோ ஒரு மாட்யூல் உள்ளேயே ஷார்ட். அப்போது மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, மாட்யூல் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றியதும் எண் மேலே ஏறுகிறதோ, கோளாறு அந்த மாட்யூலில். கடைசி கோடியில் இருக்கும் மாட்யூலைக் கழற்றினால் அதனுள்ளே இருக்கும் 120 ஓமும் கூடவே போய்விடும். அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில புதிய வண்டிகளில் சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவே 'கேட்வே' என்ற இடைநிலைக் கணினி நிற்கும். அங்கே வயரிங் வரைபடம் இல்லாமல் கை வைக்கக்கூடாது. மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டர்களை மீட்டரால் தொடவே வேண்டாம்.

வயர் கெட்டிருந்தால் நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலியை. பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்துவிடும். அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி நனைந்த வண்டி காய்ந்ததும் நன்றாக ஓடுவது போலத் தெரியலாம். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் கிடக்கும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், பின்களைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்து, பக்கத்துப் பின்னையும் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம், ஸ்டீரியோ இவற்றுக்காகக் கீறிச் சேர்த்த ஜாயின்ட்டுகளையும் விட்டுவிடக் கூடாது.

வயரைச் சரிசெய்வதில் ஒரு கவனம் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு வயரையும் சமமாகத் தாக்கட்டும் என்றுதான் முறுக்கியிருக்கிறார்கள். மாட்யூல் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே, அதனால் இரைச்சல் கழிந்துவிடும். ஒட்டுப் போட்ட பிறகு பழையபடி முறுக்கிவிட வேண்டும். இரண்டு ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் தள்ளிப் போட்டு, மேலே வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட் அடுத்த மழை வரை தாங்குவதே பெரிது.

எல்லாம் அளந்தும் மாட்யூல்தான் கெட்டது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கிச் செருகினால் பெரும்பாலும் ஓடாது; உங்கள் வண்டிக்கும் சாவிக்கும் ஏற்பக் கோடிங் செய்ய வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, மேடுபள்ளமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, திரும்பவும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் யு-கோடு ஒன்றும் வராத பிறகே பணத்தைக் கொடுங்கள்.