எழுத்தறியாத் தாய்க்கு எழுதிய கடிதங்கள்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'கடித இலக்கியம்' என்னும் பொதுத் தலைப்பில் எனக்கு அளிக்கப்பட்டுள்ள பகுதி 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இளைஞன் தாய்க்கு எழுதிய கடிதம்' என்பதாகும். அவ்விளைஞராக நான் எடுத்துக்கொண்டவர் அண்ணல் காந்தியடிகள். மகாத்மா என்று உலகம் அறிந்த காந்தியடிகள் அல்லர். 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறிய, பத்தொன்பது வயதும் நிரம்பாத மோகன்தாஸ்.

தந்தையார் 1885-இலேயே மறைந்துவிட்டார். இலண்டன் சென்று சட்டம் பயிலலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் கூறிய கருத்து வீட்டாருக்கு உவப்பாயிருந்தது. தாயார் புத்லிபாய் மட்டும் தயங்கினார். அங்குச் சென்ற இளைஞர் கெட்டுப்போவர், ஊன் உண்பர், மதுவின்றி வாழமாட்டார் என்று பலரும் அவரிடம் கூறியிருந்தனர். இறுதியில் பேசார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் மது, மாது, ஊன் மூன்றையும் தீண்டேன் என மகன் சூளுரைத்த பின்னரே தாய் இசைவளித்தார். பம்பாயிலோ குலத்தார் கூடி, கடல் கடப்பது முறையன்று எனத் தடுத்தனர். கேளாமையால் குலத்தினின்றும் விலக்கினர். அவருக்கு உதவுவோர்க்கும் வழியனுப்பச் செல்வோர்க்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் என்றனர்.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். கற்பியலில் ஆசிரியர் பிரிவின் கால எல்லைகளைக் கூறுகையில், கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்கிறார். காந்தியடிகள் 1891 ஜூலையில் மீண்டும் பம்பாயில் கால் வைத்தபோது மூன்றாண்டு நிரம்பவில்லை. இலக்கணம் வகுத்த எல்லைக்குள்ளேயே அவர் திரும்பிவிட்டார். ஆயினும் காத்திருந்தவருள் ஒருவர் அப்போது உயிருடன் இல்லை.

இனிக் கடிதங்களுக்கு வருவோம். இலண்டனில் இரவு நேரங்களில் தாயின் அன்பு நினைவில் வந்து வருத்த, கண்ணீர் வடித்ததாகச் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதுகிறார். அத்தகைய மகன் வீட்டுக்குக் கடிதம் எழுதாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் புத்லிபாய் எழுதப் படிக்க அறியாதவர். மகன் எழுதும் எந்தக் கடிதமும் மற்றொருவர் வாய்வழியாகத்தான் அவர் செவியை அடைந்திருக்க வேண்டும்.

1888 நவம்பர் 9 அன்று தமையனார் லட்சுமிதாஸுக்கு அவர் எழுதிய கடிதம் தொகுப்பு நூலில் இடம்பெற்றுள்ளது. கடுங்குளிரிலும் தமக்கு ஊனோ மதுவோ தேவைப்படவில்லை என்றும், அது குறித்து உள்ளம் மகிழ்வதாகவும் அதில் தெரிவிக்கிறார். இச்செய்தி யாருக்கு? முகவரி தமையனுடையது, ஆனால் செய்தி அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் அன்னைக்கு உரியது என்றே நான் கொள்கிறேன். நம் அகப்பாடல்களில் தோழியிடம் சொல்வது போலத் தலைவி கூற, சிறைப்புறத்தில் நிற்கும் தலைவன் கேட்பதில்லையா? அத்தகைய கூற்றாகவே இவ்வரியைப் படிக்க வேண்டும்.

அந்த எழுத்தறியாமையே அவருக்கு ஒரு சோதனையாகவும் வந்தது. இலண்டனில் நண்பர் ஒருவர், எழுத்தறியாத தாய்முன், இந்நாட்டின் நிலை அறியாமல் செய்த சூளுக்கு என்ன மதிப்பு என்று வாதாடினார். பெந்தாமின் நூலையும் படித்துக் காட்டினார். மறுமொழி கூறும் வாதத் திறன் காந்தியடிகளிடம் அப்போது இல்லை. சூள் சூள்தான், அதை மீற இயலாது என்று மட்டும் கூறினார்.

இதனினும் நுட்பமானது முட்டை குறித்த செய்தி. ஊன் என்பதற்கு அங்கே மூவகைப் பொருள் வழங்கின. விலங்கு, பறவை ஆகியவற்றின் தசை மட்டுமே ஊன் என்பார் ஒரு சாரார். உயிரினம் அனைத்தின் தசையும் ஊன் என்பார் மற்றொரு சாரார். முட்டையும் பாலும்கூட அதனுள் அடங்கும் என்பார் பிறிதொரு சாரார். முதற்பொருளைக் கொண்டால் மீனும் உண்ணலாம், முட்டையும் உண்ணலாம். காந்தியடிகளும் சிறிது காலம் முட்டை உண்டார். பின்னர், சூளை வாங்கியவர் அன்னை. எனவே ஊன் என்ற சொல்லுக்கு அன்னை கொண்ட பொருளே பொருள் எனத் தெளிந்து அதனைக் கைவிட்டார். உரையாசிரியர்களோடு பழகும் என் போன்றோரை நெடுநேரம் சிந்திக்க வைப்பது இவ்விடம். எழுத்தறியாத ஒரு பெண்ணின் சொல்லுக்கு, அகராதிக்கு இல்லாத அதிகாரத்தை அந்த மாணவர் அளித்தார்.

1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டர் ஆனார்; 12 அன்று கப்பலேறினார். அன்னையைக் காணும் ஆவலோடு வந்தவரிடம், அவர் மறைந்துவிட்ட செய்தி கூறப்பட்டது. மகன் இலண்டனில் இருக்கும்போதே புத்லிபாய் காலமாகியிருந்தார். அயல்நாட்டில் தனித்திருக்கும் தம்பிக்கு அந்த அடி வேண்டாம் என்று தமையனார் மறைத்துவிட்டார். 1870 முதல் கடலடித் தந்தி இந்தியாவை இங்கிலாந்துடன் இணைத்திருந்தது. ஆகவே அம்மௌனத்திற்குத் தொலைவு காரணமன்று, அன்பே காரணம். தந்தை இறந்தபோது உற்றதினும் பெருந்துயர் உற்றதாகக் கூறும் காந்தியடிகள், கண்ணீரை அடக்கிக்கொண்டதாகவும் எழுதுகிறார். தமையனைக் குறைகூறும் சொல் அங்கு ஒன்றுமில்லை.

இப்பகுதியை ஒவ்வொரு முறை வகுப்பில் நடத்தும்போதும் என் மனம் அம்பத்தூரில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணைக்குச் சென்றுவிடுகிறது. என் தாய்மாமன் மஸ்கட்டில் பணியாற்றிய காலம் அது. சிவப்பும் நீலமும் கரையிட்ட உறையில் கடிதம் வரும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்து வயதுச் சிறுமியாகிய நான்தான் படித்துக் காட்டுவேன். ஒருமுறை மாமா தாம் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்ததாக எழுதியிருந்தார். "அந்த வரிய மட்டும் ஆயாகிட்ட படிக்காத" என்று அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்தார். அவ்வாறே விட்டுப் படித்தேன். ஆயா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கண்ணு, நடுவுல எங்கயோ மூச்சு வாங்கினியே, அங்க என்ன எழுதியிருக்கான்?" என்றார். நான் அழுதுவிட்டேன். ஆயா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவ்வரியையும் படிக்கச் செய்து, கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

படித்துக் காட்டுபவர் மறைத்ததைக் கேட்பவர் அறிந்துகொண்டார் என்பதை எனக்கு உணர்த்திய முதல் ஆசிரியர் அவர்தாம். புத்லிபாயும் அவ்வாறே எத்தனை மௌனங்களைக் கேட்டிருப்பாரோ! கைக்குழந்தையுடன் அதே வீட்டில் இருந்த கஸ்தூரிபாய் அவற்றை எவ்வாறு கேட்டிருப்பாரோ!

1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, எத்தனையோ ஊர்களின் பிள்ளைகள் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் ஊரிலிருந்து அவர்களுக்கு வந்த கடிதங்களும் நம் வட்டத்தார் வீடுகளிலேயே பல இருக்கக்கூடும். இன்று வடமாநில இளைஞர்கள் அதே தொழிற்பேட்டைக்கு வருகிறார்கள். இரவில் கைப்பேசியில் தாயுடன் பேசுகிறார்கள். முகம் தெரிகிறது, எழுத்து மிஞ்சுவதில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள்: பதினோராம் ஆண்டில் நம் வட்டம் இப்பழைய கடிதங்களைத் திரட்டட்டும். உரியவர் இசைவுடன் படியெடுத்துக் காக்கட்டும். சொல்நயம் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டா. "நலம், நலமறிய ஆவல்" என்று மட்டும் எழுதிய கடிதமும் வரட்டும். தன் நோயை மறைத்து ஒரு மகன் எழுதிய எழுத்தாகவும் அது இருக்கலாம்.