வெறுங் கட்டமும் பூச்சியமும்



இடாப்பு எழுதிப் பழகிய கை மின்மானியைப் பற்றிப் பேச முற்படுவது ஏன் என்று நீங்கள் வியக்கக்கூடும். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவரே இதற்குக் காரணர். இங்கிலாந்திலே மின்மானிகளின் கணக்கைச் சேர்த்துவைக்கும் மென்பொருளை மேற்பார்வை செய்வது அவர் தொழில். "உமது வேலைதான் என்ன, தம்பி?" என்று வினவினேன். "வராத வாசிப்புகளைத் தேடுவது, சேர்" என்றார். வந்ததை எண்ணலாம், வராததை எவ்வாறு எண்ணுவது?

நம் வீடுகளிலே மானி வாசிப்பவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து ஓர் எண்ணைக் குறித்துச் செல்வதைக் கண்டு பழகியிருக்கிறோம். பிரித்தானியாவிலோ, 1990களில் பெரிய தொழிற்சாலைகளிலே தொடங்கி, அரைமணிக்கு ஒரு தடவை மின்செலவைத் தாமே பதிந்துகொள்ளும் மானிகள் பரவின. நாளொன்றுக்கு 48 வாசிப்புகள். அவை அலுவலகக் கணினிக்கு அனுப்பப்படுகையில் வழியிலே சில தவறிவிடுகின்றன.

எத்தனை தவறின என்று அறிவதற்கு, எத்தனை வரவேண்டும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். 48 தானே என்று கருதிவிடாதீர்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவர். அன்று 46 வாசிப்புகளே உண்டு. ஒக்ரோபர்க் கடைசி ஞாயிறன்று பின்தள்ளுவர், அன்று 50. இதை அறியாத மென்பொருள் மார்ச்சிலே இல்லாத இரண்டைத் தேடி அலையும். ஒக்ரோபரிலே முறையாக வந்த இரண்டை மிகையென்று ஒதுக்கும். நமக்கும் இத்தொல்லை புதிதன்று. 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபரிலே அரைமணி பின்வாங்கி, 2006 ஏப்பிரலிலேதான் பழைய நிலைக்கு மீண்டது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேளாமல் ஒரு கலியாணத்துக்கும் புறப்பட இயலாதிருந்த காலம் அது.

இனி, வெறுங் கட்டத்தையும் பூச்சியத்தையும் வேறுபடுத்த வேண்டும். தொழிற்சாலை பூட்டியிருந்த நாளில் மானி காட்டும் பூச்சியம் உண்மை. தொடர்பு அறுந்த நாளில் இருப்பது வெறுங் கட்டம். அங்கே இயந்திரங்கள் முழுவேகத்தில் ஓடியிருக்கலாம். வெறுங் கட்டத்திலே பூச்சியத்தை இட்டு நிரப்பினால் கூட்டுத்தொகை குறையும்; குறைந்த பாகத்தின் விலை வேறொருவர் தலையில் விழும்.

வாசிப்பு கணினிக்கு வராவிடினும், பெரும்பாலும் மானியின் நினைவிலே அது தங்கியிருக்கும். மறுபடி கேட்டால் மானி தரும். ஆனால் அந்நினைவுக்கு எல்லையுண்டு. பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். காலந் தாழ்த்திக் கேட்பவனுக்குக் கிடையாது. அப்போதும் ஒரு வழி உண்டு. மானியின் மொத்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருப்பதால், இடைவெளிக்கு முன்னிருந்த எண்ணைப் பின்னிருந்த எண்ணிலிருந்து கழித்தால், இடையிலே செலவான மின்சாரம் எவ்வளவு என்பது திட்டமாகத் தெரிந்துவிடும். எந்த அரைமணியில் எவ்வளவு என்பதே தெரியாது. அதனால் என்ன என்பீர்களாயின், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உயர்ந்த விலை என்று நேரத்துக்கு நேரம் விலை வகுக்கும் முறை நம் நாட்டிலும் உண்டு. அம்முறையிலே மொத்தம் மட்டும் தெரிந்து பயனில்லை. ஆகவே, அதே கிழமையில் முன்னைய வாரங்களிலே செலவானதைப் பார்த்து, மொத்தத்தைப் பங்கிட்டு நிரப்புவர். அவ்வாறு நிரப்பிய ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் 'மதிப்பீடு' என்ற குறியையும் இடுவர். அக்குறியில்லாத மதிப்பீடு பொய்க் கணக்கு என்பது என் துணிபு.

மாணவர் பின்னர்ச் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை. ஆயிரம் மானிகளிலிருந்து நாளொன்றுக்கு 48,000 வாசிப்புகள் வரவேண்டும். நூற்றுக்கு 98 வந்துவிட்டால் மேலதிகாரிகள் மகிழ்வர். தவறியவை 960. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியவையாயின் பெருங்குற்றமில்லை. ஆனால் 20 மானிகள் நாள் முழுவதும் வாய்திறவாதிருந்தாலும் தவறுவது அதே 960 தான். ஆதலால் அவர் நூற்றுவீதத்தைப் பாராமல், எந்த மானி தொடர்ந்து எத்தனை அரைமணி மௌனமாயிருக்கிறது என்ற பட்டியலையே பார்ப்பாராம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில், 40 பிள்ளைகள் உள்ள வகுப்பொன்றின் மாத வரவு நூற்றுக்கு 97.5 என்று கண்டு, மகிழ்ந்து ஒப்பமிட்டேன். 20 பாடசாலை நாள்கள், 800 அடையாளங்கள், தவறியவை 20. அந்த 20ம் ஒரே சிறுமியுடையவை. தாய் வேலை தேடி வெளிநாடு சென்றுவிட, தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டிலே நின்றுவிட்டாள். நான் அவ்வீட்டுக்குப் போனபோது மூன்றாம் மாதம் பிறந்துவிட்டது. "இனி எப்படி சேர் வகுப்புக்கு வாறது?" என்று கேட்டாள். அவள் திரும்பி வரவில்லை.

இப்போது வெள்ளிதோறும், தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களின் பெயர்களை மட்டும் எழுதித் தருமாறு வகுப்பாசிரியர்களைக் கேட்கிறேன். சென்ற வெள்ளியன்று இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவனுக்குக் காய்ச்சல் என்று தந்தையார் அறிவித்துவிட்டார். மற்றவன் வீட்டுக்கு நாளை மாலை போகவேண்டும்.