மெய்நிகர் கணினிக்குப் பூட்டும் சாவியும்



காரைக்கால் பகுதியில், கோட்டுச்சேரிக்குப் பக்கத்திலேயே, திருவேட்டக்குடியில், 2010-இல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே கணினி படிக்கிற பிள்ளைகளுக்கும், வீட்டில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு தாமாகக் கற்கிறவர்களுக்கும் நான் மனமாரச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியை, வன்பொருள் பாதுகாப்பு வசதிகளோடு அமைத்துப் பாருங்கள்.

கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கணினிதான் மெய்நிகர் கணினி. அதற்கு வேண்டிய துணையை இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் பிராசசரிலேயே வைத்தன. அந்தத் துணையைப் பயன்படுத்தி மெய்நிகர் கணினிகளை இயக்கும் கே.வி.எம். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டாம்.

லேப்டாப்பின் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு விர்ட்-மேனேஜர் என்ற மென்பொருளில் புது மெய்நிகர் கணினி உருவாக்கும்போது, கடைசித் திரையில் 'இன்ஸ்டால் செய்யும் முன் அமைப்புகளை மாற்று' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட மறந்துவிட்டால் பின்னால் தலைவலி. அதற்குள் போய், செக்யூர் பூட் உள்ள யூ.இ.எஃப்.ஐ. வகையைத் தேர்ந்தெடுங்கள், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் சேருங்கள். உள்ளே லினக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து, பிறகு அதன் சாவியை டி.பி.எம்.மோடு பிணையுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே செக்யூர் பூட்டில் இயங்குகிறது.

தேர்தல் முடிந்து பூட்டிய அறையைத் திறக்கும் முன் முகவர்கள் முத்திரையைப் பார்க்கிறார்கள் அல்லவா? செக்யூர் பூட் செய்வதும் அதுவே. கையெழுத்து சரியில்லாத பூட்லோடரோ கெர்னலோ வந்தால் கணினி மேலே போகாது. டி.பி.எம். பூட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் இயங்குவதன் கைரேகை போன்ற அளவீட்டைப் பதிந்துகொள்ளும். பதிவு முன்புபோல இருந்தால்தான் டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவியை வெளியே விடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த டி.பி.எம். நிஜச் சிப் அல்ல. ஒரு மென்பொருள் அதுபோல நடந்துகொள்கிறது. அதன் ரகசியங்கள் உங்கள் லேப்டாப்பின் டிஸ்க்கில் ஃபைலாகவே இருக்கின்றன. லேப்டாப்பின் ரூட் பாஸ்வேர்டு யாரிடம் உண்டோ அவரோ, டிஸ்க்கைக் கழற்றிப் படிப்பவரோ அந்த ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே லேப்டாப்பின் டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யாதவரை, உள்ளே போட்டது அரைப் பூட்டுத்தான். வெளிக் கணினியையே நம்ப முடியாத வாடகைக் கிளவுடுக்காக, 2017-இல் வந்த எபிக் சர்வர் பிராசசர்களில் ஏ.எம்.டி. மெய்நிகர் கணினியின் மெமரியையே குறியாக்கம் செய்யும் வசதியைக் கொடுத்தது. வீட்டு லேப்டாப்பில் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் இந்தப் பயிற்சியால் என்ன பயன்? நிஜ லேப்டாப்பில் பூட் அமைப்பைத் தொட்டுக் கெடுத்தால் படிப்பே நின்றுபோகும். இங்கே கெட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பாதுகாப்பு என்பது ஒரு சுவிட்ச் அல்ல, யாரை எதுவரை நம்புகிறோம் என்ற கணக்கு என்பது கைப்பழக்கத்தில் புரிந்துவிடும்.

ஒரு சோதனையும் செய்யுங்கள். டி.பி.எம். இல்லாமலும் குறியாக்கிய டிஸ்க்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மெய்நிகர் கணினியின் டிஸ்க் ஃபைலை மட்டும் வேறொரு லேப்டாப்புக்கு மாற்றுங்கள். அங்கே அது தானாகத் திறக்காமல் சாவி கேட்டால், உங்கள் பூட்டு வேலை செய்கிறது. தாளில் இருப்பதைத் தட்டியதும் திறந்துவிட்டால், உங்கள் தரவும் உங்கள் கையை விட்டுப் போகவில்லை. இரண்டும் நடந்தால்தான் வேலை முடிந்தது என்று சொல்லுங்கள்.